பின் ஹப்பில் கஞ்சத்தனம் எதுவரை போகலாம்?

பிப்ரவரி 3 – கேள்வி

பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை ஃபிக்ஸட் கியராக, அதாவது பின் சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும் வகையாக, மாற்றுகிறேன். கிராங்க், ரிம், ஹேண்டில்பார் எல்லாம் கையில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றியாகிவிட்டது. பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) மட்டும்தான் இடிக்கிறது. மிதிக்காதபோது சும்மா சுழலும் பொறியான ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஒரு பல்சக்கரத்தை முறுக்கிவிட்டால் ஆகாதா? தடப் பந்தய சைக்கிளுக்கான டிராக் ஹப் வாங்குகிறவர்கள் பெயருக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 3, இரவு – பதில்

ஏறும். சிக்கல் அது கழல்வதில்தான்.

ஃப்ரீவீல் மரை 1.375 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. ஃபிக்ஸட் பல்சக்கரத்தின் மரை 1.37 அங்குலம், அதே 24 புரி. இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்ததுபோல் ஏறிவிடும். அதனால்தான் எல்லோருக்கும் இந்த யோசனை வருகிறது. முன்னுக்கு மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் பல்சக்கரத்தை இறுக்கும். ஃப்ரீவீலுக்கு அது போதும், பின்னுக்கு மிதித்தால் அது சும்மா சுற்றும், கழற்றுகிற திசையில் மரைக்கு விசையே போகாது. ஃபிக்ஸடில் வேகத்தைக் குறைக்கக் காலால் பெடலை எதிர்த்துப் பிடிக்கிறோம் இல்லையா, அந்த விசை முழுக்க மரையைக் கழற்றும் பக்கம்தான் போகிறது.

டிராக் ஹப்பில் மரை இரண்டு படியாக இருக்கும். உள்படி பல்சக்கரத்துக்கு, வலது மரை. வெளிப்படி கொஞ்சம் சிறியது, 1.29 அங்குலம், இடது மரை, பல்சக்கரத்தைப் பூட்டும் லாக்ரிங் வளையத்துக்கு. பல்சக்கரம் கழலப் பார்த்தால் லாக்ரிங்கையும் அதே திசையில் இழுக்கும். ஆனால் இடது மரைக்கு அந்தத் திசைதான் இறுகும் திசை. காசு கொடுப்பது இந்த ஒரு படிக்குத்தான். பெயருக்கு இல்லை.

பிப்ரவரி 4

"பிபி லாக்ரிங் போட்டு இறுக்கிவிடலாமே" என்று ஒருவர். பிபி என்றால் பாட்டம் பிராக்கெட், கிராங்க் அச்சு உட்காரும் பகுதி. தெரியும், நானே போட்டிருக்கிறேன். ஆங்கில அளவு பாட்டம் பிராக்கெட்டின் மரையும் 1.37 × 24தான். அதனால் பழைய பிபியின் லாக்ரிங் ஃப்ரீவீல் ஹப்பில் அழகாக உட்காரும். ஆனால் அதுவும் வலது மரை. பல்சக்கரம் கழலும் திசையில்தான் அதுவும் கழலும். நட்டு மேல் நட்டு போட்டு இறுக்குவதுபோல், உராய்வை நம்பிய கதை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல்சக்கரத்தை ஏற்றி, செயினை அதன்மேல் கோத்து, இன்னொரு முனையை பிபி ஷெல்லைச் சுற்றிக் கட்டி, ரிம்மையே நெம்புகோலாகப் பிடித்துத் திருகினேன். ரோட்டாஃபிக்ஸ் என்பார்கள். கையால் இறுக்குவதைவிடப் பல மடங்கு இறுகும். மேலே பிபி லாக்ரிங், அதற்கும் மேல் மரைப் பசை. ஐந்து வாரம் ஒரு அசைவு இல்லை. "எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்" என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாவது வாரம் ஒரு இறக்கத்தில் காலை எதிர்த்துப் பிடித்தபோது பெடல் ஒரு கணம் இலேசானது. ஒரே கணம்தான். படிக்கட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்தால் தரை வருமே, அதுபோல. அடுத்த அழுத்தலில் பெடல் தாராளமாகப் பின்னால் சுற்றியது. பல்சக்கரம் மரையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. முன் பிரேக் இருந்தது, பிழைத்தேன். இல்லாதிருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கட்டப்போகிறவர்கள் என்னிடம் ஹப் பற்றிக் கேட்க வேண்டாம்.

பிப்ரவரி 4, இன்னும் கொஞ்சம்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் மரைப் பசையைத் திட்டுவதுபோல் இருக்கிறது. பசை சரியாகத்தான் ஒட்டியது. முன்னும் பின்னும் மாறி மாறி வரும் விசையில்தான் விட்டது. எவ்வளவு ஒட்டும் என்று கணக்குப் போடலாம். என்றைக்கு விடும் என்று போட முடியாது.

பிப்ரவரி 6

சரி, வாங்குவது என்று முடிவானால், ஹப்பைத் தேடும் முன் ஃபிரேமில் அளவு எடுங்கள். பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் பிளவு) இரண்டுக்கும் இடையே, உள்முகத்திலிருந்து உள்முகம்.

டிராக் ஃபிரேம் 120 மி.மீ. பழைய ஆறு, ஏழு கியர் ரோடு ஃபிரேம் பெரும்பாலும் 126. அதற்குப் பின் வந்த ரிம் பிரேக் ஃபிரேம்கள் 130. பழைய வகை மலை சைக்கிள் 135. ஸ்டீலாக இருந்தால் சில மி.மீ. விரிக்கலாம், குறுக்கலாம். அலுமினியம் என்றால் கை வைக்காதீர்கள்.

120 ஹப்பை 126 ஃபிரேமில் நட்டை இறுக்கியே நெருக்கிவிடலாம் என்று செய்பவர்கள் உண்டு. ஸ்டீல் வளைந்து கொடுக்கும், உண்மை. ஆனால் டிராப்அவுட் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காமல் உள்பக்கம் சாய்ந்துவிடும். அச்சு கோணலாகப் பிடிபடும். பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷர் போட்டால் வேலை முடிந்தது. வாஷர் போட்ட பிறகும் நட்டுக்கு வெளியே அச்சில் மரை மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் நீள அச்சு மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 6

டிராப்அவுட் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன். நேர் கீழே திறந்திருந்தால் சக்கரத்தை முன்பின் நகர்த்த முடியாது, செயின் இழுவையை வைக்க முடியாது. ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் ஃபிக்ஸடுக்கு ஆகாது. எதிர்த்துப் பிடிக்கும்போது கீழ்ச் செயின்தான் விறைக்கும், டென்ஷனரைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதற்கென்றே வொயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தார் ஈனோ என்று, திருப்பினால் சக்கரம் முன்பின் நகரும்படி அச்சு மையம் விலகிய ஒரு ஹப் செய்தார்கள். அருமையான பொருள், ஆனால் சிக்கனக் கட்டுமானம் என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பிப்ரவரி 9

"கேசட் ஹப் இருக்கிறது, அதை ஃபிக்ஸட் ஆக்கலாமா?"

ஃப்ரீவீலும் கேசட்டும் வேறு. ஃப்ரீவீல் என்றால் சுழலும் பொறி தனியாகக் கழன்று வரும், ஹப்பில் வெறும் மரை மிஞ்சும். கேசட் ஹப்பில் அந்தப் பொறி ஹப்போடு சேர்ந்தது. பல்சக்கரத்தைக் கழற்றினாலும் உள்ளே ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் நாய்ப்பல் டிக் டிக் என்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே வெல்டு வைத்து அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டியாகப் பிடித்துவிட்டது என்று சொல்வார்கள். பேரிங்குக்குப் பக்கத்தில் வெல்டு சூடு போனால் அந்த பேரிங் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

பிப்ரவரி 11

இப்போது பேரிங். கப்–கோன், கிண்ணத்துக்கும் கூம்புக்கும் இடையே குண்டு போட்ட பழைய வகை ஒன்று. முழுசாக அடைத்த கார்ட்ரிட்ஜ் இன்னொன்று. என் கருத்து: கார்ட்ரிட்ஜ்தான், யோசிக்கவே வேண்டாம். ரப்பர் மூடியின்மேலேயே எண் எழுதியிருக்கும். 6000 என்றால் உள்துளை 10, வெளிவிட்டம் 26, அகலம் 8 மி.மீ. 6001 என்றால் 12, 28, 8. பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் அடைப்பு. மோட்டார், மின்விசிறி என்று எல்லாவற்றிலும் இதே அளவுகள்தான், சைக்கிளுக்கென்று தனியாக அலைய வேண்டாம்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். "யோசிக்கவே வேண்டாம்" என்றது அதிகம். ஷிமானோவின் டியூரா ஏஸ் டிராக் ஹப் இன்றும் குண்டு போட்டதுதான். ஜப்பானின் கீரின் தடப் பந்தயத்தில் ஓடுவது அது. கப்–கோன் ஹப்பில் பின்னால் பக்கத்துக்கு ஒன்பது குண்டு, கால் அங்குலம். கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, கோனை இறுக்கினால் புதிது போலாகும். கோன் குழிந்து போயிருந்தால் கோனை மாற்றலாம். ஹப்போடு ஒன்றாகிவிட்ட கப் குழிந்தால்தான் தொல்லை.

கோன் இறுக்கம் ஃபிக்ஸடில் கொஞ்சம் வம்பு பிடித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். லாக்நட்டைக் கோன்மேல் சரியாகப் பூட்டாவிட்டால் முன்னும் பின்னும் வரும் விசையில் மெல்ல நகர்ந்துவிடும். கோன் ஸ்பேனர் இல்லாமல் இந்த வகையை வாங்காதீர்கள்.

எது என்றாலும் பேரிங் இரண்டாவது கேள்விதான். அடுத்ததில் சொல்கிறேன் ஏன் என்று.

பிப்ரவரி 12, தூக்கம் வராமல்

இரண்டாவது ஹப்பின் கதை. மலிவான கார்ட்ரிட்ஜ் டிராக் ஹப், இரண்டு படி மரையுள்ளது. பேரிங் எண்ணெய்போல் ஓடியது. விரலால் அச்சைச் சுண்டினால் நிற்காமல் சுற்றும். அதைக் காட்டிக்காட்டியே விற்றார்கள், நானும் அதைப் பார்த்தே வாங்கினேன்.

நான்கு மாதத்தில் ஒரு நாள் பின்னாலிருந்து "டொக்". மிதிக்கும்போது ஒன்று, எதிர்த்துப் பிடிக்கும்போது ஒன்று. கழற்றிப் பார்த்தால் லாக்ரிங் கையாலேயே சுற்றி வந்தது. அதன் உள்புரிகளில் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக அலுமினியம். பென்சில் சீவினால் வருமே, அதைவிட மெல்லியது. ஹப்பின் இடது மரை முழுவதும் அந்தச் சுருளில் வந்துவிட்டது. படி இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

பேரிங் அப்போதும் அழகாகத்தான் ஓடியது.

ஆகவே: மரை எத்தனை புரி இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று முதலில் பாருங்கள். மலிவு ஹப்பில் மிச்சம் பிடிப்பது அங்கேதான்.

பிப்ரவரி 15

மேலே இருக்கும் கதையில் குற்றம் முழுவதையும் ஹப்மேல் போட்டுவிட்டேன். மூன்று நாளாக உறுத்துகிறது. உண்மை என்னவென்றால், அன்றைக்கு நான் பல்சக்கரத்தைக் கையால் ஏற்றி, அப்படியே லாக்ரிங்கை வைத்து இறுக்கிவிட்டேன். பல்சக்கரம் தன் இடத்தில் போய் அமரவே இல்லை. முதல் மேட்டில் அது இன்னும் உள்ளே போயிருக்கும், லாக்ரிங்குக்கும் அதற்கும் இடையே சந்து விழுந்திருக்கும். பிறகு ஒவ்வொரு முறை எதிர்த்துப் பிடிக்கும்போதும் பல்சக்கரம் இம்மியளவு பின்னால் வந்து லாக்ரிங்கைச் சுத்தியல்போல் இடித்திருக்கிறது. நான்கு மாதம் தாங்கியதே பெரிய விஷயம்.

சரியான முறை: மரையில் கிரீஸ். செயின் கோத்த கைப்பிடியால் பல்சக்கரத்தை உடல் எடை போட்டு இறுக்குவது. லாக்ரிங். அப்புறம் முன் பிரேக்கை நம்பி, எதிர்த்துப் பிடிக்காமல், ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதிப்பது. இறங்கி மறுபடி லாக்ரிங்கை இறுக்கினால் கொஞ்சமாவது நகரும். நகராத வரை இதைத் திரும்பச் செய்வது.

ஆனாலும் அந்த ஹப்பின் மரை மூன்று புரிதான் இருந்தது. அதை மன்னிக்கவில்லை.

பிப்ரவரி 16

லாக்ரிங் எதுவானாலும் பொருந்துமா என்றால், இல்லை. பெரும்பாலானவை 1.29 அங்குலம். இத்தாலிய நிறுவனமான காம்பக்னோலோ வழியில் வந்தவை 1.32. பெரிய வளையம் சிறிய மரையில் ஏறுவதுபோல் பாவனை காட்டும். இறுகுவதுபோலவும் இருக்கும். கொஞ்சம் கூட்டி அழுத்தினால் கடகடவென்று வழுக்கும், மரை போச்சு. ஹப்போடு வந்த லாக்ரிங்கைத் தொலைக்காதீர்கள்.

பிப்ரவரி 17

பழைய ஹப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு டிராக்கா ஃப்ரீவீலா என்று தெரியாமல் விழிப்பவர்களுக்கு: நகத்தை மரைப் பள்ளத்தில் வைத்து ஹப்பைச் சுற்றுங்கள். உள்படியில் நகம் ஒரு பக்கம் நகரும். வெளிப்படியில் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் டிராக். வெளிப்படியே இல்லையென்றால் ஃப்ரீவீல்.

திருப்பி மாட்டக்கூடிய ஃபிளிப்–ஃபிளாப் ஹப்பில் ஒரு பக்கம் டிராக், மறுபக்கம் ஃப்ரீவீல் என்றும் வரும். இரண்டு பக்கமும் டிராக் என்றும் வரும். முதல் வகையில் பக்கம் மாறிப்போய் ஃப்ரீவீல் பக்கத்தில் பல்சக்கரத்தை ஏற்றினால் கதை பிப்ரவரி 4க்குத் திரும்பிவிடும். மங்கலான வெளிச்சத்தில் இதைச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

பிப்ரவரி 20

செயின்லைன், அதாவது செயின் ஓடும் கோடு பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. டிராக் ஹப்பில் 42 மி.மீ. என்பது வழக்கம். ஹப்பின் நுனியிலிருந்து பல் நடுவரை அளந்தால் வரும்.

பிப்ரவரி 20, பத்து நிமிடம் கழித்து

தப்பு தப்பு. ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து பல் நடுவரை. நுனியிலிருந்து அளந்தால் 120 ஹப்பில் 18 வரும். பாதி 60, அதில் 18 போனால் 42.

இதில் நான் காசைத் தொலைத்த இடம்: 126 ஃபிரேமில் பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷர் போட்டிருந்தேன். டிராப்அவுட்டிலிருந்து பல்வரை அளந்தேன், 21. தலையில் 60 என்றே பதிந்திருந்ததால் 60ல் 21 கழித்து 39 என்று எழுதிக்கொண்டேன். முன்னால் 42, பின்னால் 39, கோணல் என்று முடிவுகட்டி பிபி அச்சைக் குட்டையாக மாற்றினேன். மாற்றிய பிறகுதான் நிஜமாகவே கோணலானது. செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் கரகரத்தது. 126இல் பாதி 63. அதில் 21 போனால் அதே 42. இரண்டு பக்கமும் சமமாக வாஷர் போட்டால் ஹப் நடுவிலேயேதான் நிற்கிறது, செயின்லைன் ஏன் மாறப்போகிறது? பள்ளிக்கூடக் கழித்தல்.

பிப்ரவரி 23

பெடலை எதிர்த்துப் பிடித்துப் பின் சக்கரத்தை வழுக்கி நிறுத்துவது பற்றி ஒருவர் கேட்டதால் திசை மாறுகிறேன். முன்னால் 48 பல், பின்னால் 16 பல் நல்ல கணக்கு, டயர் 16 இடத்தில் சமமாகத் தேயும்.

பிப்ரவரி 24

நான்கு பேர் திருத்திவிட்டார்கள், திருத்தியது சரி. 48/16 என்றால் 3. பெடல் ஒரு சுற்று வந்தால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஒரே கால் முன்னிருக்க வழுக்கினால் டயரில் எப்போதும் ஒரே இடம்தான் தேயும், கால் மாற்றி வழுக்கினால் இரண்டு. டயர் கிழிந்து டியூப் எட்டிப் பார்க்கும். பின்னத்தைச் சுருக்கிய பிறகு கீழே நிற்கும் எண்தான் கணக்கு. 46/16 சுருங்கினால் 23/8, எட்டு இடம். மேலே ஒற்றைப்படை என்பதால் கால் மாற்றினால் பதினாறு. 48/17 சுருங்காது, பதினேழு இடம். ஒரு பல் கூட்டிப் போட்டதில் டயரின் ஆயுள் எங்கேயோ போய்விடுகிறது.

ஹப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு வழுக்கலின் உதறலும் அந்த மூன்று நான்கு புரி இடது மரையில்தான் போய் விழுகிறது.

பிப்ரவரி 26

டிஸ்க் பிரேக் ஹப்பில் பல்சக்கரத்தை போல்ட் போட்டுப் பூட்டும் முறையைப் பற்றிக் கேட்டபோது "விளையாட்டுச் சாமான்" என்று ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதில்தான் நான் இவ்வளவு நேரம் அழுத சிக்கலே இல்லை. டிஸ்க் பூட்டும் ஆறு துளை, 44 மி.மீ. வட்டம், எம்5 போல்ட். அதே துளைக்குப் பொருந்தும் பல்சக்கரத்தைப் பூட்டி, சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் டிஸ்க் பக்கம் செயின் பக்கமாகிவிடும். முன்னுக்கோ பின்னுக்கோ, கழல மரை இல்லை.

குறைகள்: இத்தகைய ஹப் பெரும்பாலும் 135 அல்லது அதற்கு மேல், பழைய ரோடு ஃபிரேமில் நுழையாது. செயின்லைன் 50ஐத் தாண்டும், கிராங்கும் மலை சைக்கிளுடையதாக வேண்டும். அந்த ஃபிரேம்களில் டிராப்அவுட் பெரும்பாலும் நேர் கீழே திறந்திருக்கும், பிப்ரவரி 6இன் தொல்லை. ஆனால் 135 ஃபிரேமும் கிடைமட்ட டிராப்அவுட்டும் உள்ளவர் டிராக் ஹப்பைத் தேடி அலைவானேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரி 27

துளை எண்ணிக்கை! ரிம் கையில் இருக்கிறது என்றீர்கள். 36 ரிம்முக்கு 32 ஹப் வாங்கி வந்து நிற்காதீர்கள். வேறெதையும் ஒப்பேற்றலாம், இதை முடியாது. பெரிய ஃபிளாஞ்ச் (கம்பி மாட்டும் விளிம்பு), சிறிய ஃபிளாஞ்ச் என்பது பெரும்பாலும் அழகுதான். கம்பி நீளம் மட்டும் மாறும்.

டிராக் ஹப்பின் ஒரு சுகம், ஃபிளாஞ்ச் இரண்டும் நடுவிலிருந்து சம தூரம். இரண்டு பக்கமும் ஒரே நீளக் கம்பி, ஒரே இறுக்கம். கோட்டம் எடுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது முதுகு பிடிக்காது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஹப்பைக் குடம் என்பார்கள். சைக்கிளுக்கு மட்டும் அந்தச் சொல்லை ஏன் விட்டோம் என்று கோட்டம் எடுக்கும்போதெல்லாம் நினைப்பேன், முடித்ததும் மறந்துவிடுவேன்.

மார்ச் 2

கேட்டவர் அளந்து எழுதியிருக்கிறார்: 126, முன்பக்கம் திறந்த டிராப்அவுட், 36 துளை ரிம். அப்படியானால் 120 டிராக் ஹப், 36 துளை, நட்டு போட்ட கெட்டி அச்சு. ஃபார்முலா, நோவாடெக் என எந்த நிறுவனத்தின் ஹப் கிடைத்தாலும் சரி, லாக்ரிங் மரையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷர். குவிக் ரிலீஸ் வேண்டாம், செயின் இழுப்பில் சக்கரம் முன்னே நழுவக்கூடும்.

பழைய ஃப்ரீவீல் ஹப்பை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். ஃப்ரீவீலைத் திரும்ப ஏற்றி வையுங்கள். என்னுடையதில் ஏறவில்லை, மரையில் பசை காய்ந்து கிடந்தது. ஊசியால் ஒவ்வொரு புரியாகச் சுரண்டி, ஒரு மாலை முழுக்கப் போனது.

மார்ச் 9

அவருடைய சக்கரம் வந்து மாட்டியாகிவிட்டதாம். மேட்டில் ஏறி இறங்கி லாக்ரிங்கை இறுக்கியதில் முதல் முறை கால் சுற்று நகர்ந்ததாம், இரண்டாம் முறை துளிதானாம். மூன்றாவது முறையும் போங்கள்.